பிடியைத் தளர்த்திப் பழகுவது எப்படி?

'பற்று' என்ற சொல் கணக்கு நோட்டிலும் வரும். ஒருவர் பற்று வைத்திருக்கிறார் என்றால், பொருளை எடுத்துக்கொண்டுவிட்டார், கணக்கை இன்னும் தீர்க்கவில்லை என்று அர்த்தம். மனதில் இருக்கும் பற்றும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஒன்றை 'என்னுடையது' என்று பிடித்துக்கொண்ட நாளிலிருந்து ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. அது உடைந்துவிடுமோ, மாறிவிடுமோ, யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று கவலைப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வருகிறோம். ஒருநாள் அது போகத்தான் செய்கிறது. அதுவரை கட்டிய கவலையில் ஒரு துளிகூட அதைக் காப்பாற்ற உதவியிருக்காது.

அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டை விட்டுப் போக வேண்டாம், வேலையை விட வேண்டாம், தியானம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் பத்து நிமிடம் போதும். நான் எட்டு வருடமாக இதைப் பழகி வருகிறேன். எது உதவியது, எந்த வரிசையில் போனால் மனம் முரண்டு பிடிக்காது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரிசை முக்கியம். திருக்குறளில் 34ஆம் அதிகாரம் நிலையாமை. அதற்கு அடுத்த 35ஆம் அதிகாரம் துறவு. முதலில் பார்ப்பது, அப்புறம் விடுவது. பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஒரு வேகத்தில் அலமாரியைக் காலி செய்வார்கள். சில மாதத்தில் அது திரும்ப நிரம்பிவிடும். பார்வை மாறாமல் கை மட்டும் விட்டால் அப்படித்தான் ஆகும்.

துறவு அதிகாரத்தின் முதல் குறள் 'யாதனின் யாதனின்' என்று ஒரே சொல்லை அடுக்கித் தொடங்குகிறது. எதெதிலிருந்து ஒருவன் விலகுகிறானோ, அததனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை என்பது பொருள். பரிமேலழகர் தம் உரையில், எல்லாவற்றையும் ஒருசேர விடுவது தலையாயது, அப்படி இல்லாமல் ஒவ்வொன்றாக விட்டாலும் விட்டவற்றால் வரும் துன்பம் இல்லாமல் போகும் என்று கருத்துச் சொல்கிறார். குடும்பம், வேலை என்று வாழ்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. ஒரு பொருளை விட்டால் ஒரு பொருள் அளவுக்கு நிம்மதி. கீழே வரும் எல்லாப் பயிற்சிகளும் அந்த 'ஒவ்வொன்றாக' என்பதை நம்பித்தான்.

தொடங்கும் முன் ஒரு சந்தேகம்

பற்றை விட்டால் பாசமும் போய்விடாதா? பிள்ளைகள் மேல், பெற்றோர் மேல் அக்கறை குறைந்துவிடாதா? இந்தப் பயம் எனக்கும் இருந்தது. இதோடு தொடங்கினால் பயிற்சி ஓடாது, அதனால் முதலிலேயே பேசிவிடலாம்.

பல்ஜிந்தர் சாத்ராவும் அவரோடு சேர்ந்த உளவியல் ஆய்வாளர்களும் 2010இல் பற்றின்மையை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதில் பற்றின்மை அதிகமாகத் தெரிந்தவர்கள் உறவுகளில் ஒதுங்கிப் போகிறவர்களாக இல்லை. உறவு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றமும் அவர்களிடம் குறைவு. நெருங்கவே தயங்கும் குணமும் குறைவு. எனக்கு இது வியப்பாக இல்லை. எதிரில் இருப்பவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது அன்பு. அவர் எனக்கு வேண்டியபடி, எனக்கு வேண்டிய காலம் வரை இருக்க வேண்டும் என்று நினைப்பது பற்று. இரண்டும் ஒரே நெஞ்சில் கலந்து கிடப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. பிரித்துப் பார்க்கப் பழகினால், நாம் குறைக்க நினைப்பது எது என்று தெளிவாகிவிடும்.

முதல் இரண்டு வாரம்: எதையும் விடாதீர்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் தேதி. இரண்டாவதில், அன்று எது உங்களைப் பிடித்து இழுத்தது என்று ஒரு வரி. மூன்றாவதில், 'இது இல்லாமல் போனால் நான்' என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை முடித்து எழுதுங்கள். மனதில் எது முதலில் வருகிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். அழகாக எழுத வேண்டாம்.

எது பிடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்புதான் முதலில் சொல்லும். அதை இழப்பதாக நினைத்தவுடன் தாடை இறுகும், வயிற்றில் ஒரு சுருக்கம் வரும், மூச்சு பாதியில் நிற்கும். அடுத்து, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பீர்கள்: வைத்த இடத்தில் இருக்கிறதா, பதில் வந்ததா, எத்தனை பேர் பார்த்தார்கள். பேச்சிலும் தெரியும். 'அது மட்டும் இல்லை என்றால் என்னால் முடியாது' என்ற வாக்கியம் வாயில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வருவது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கலாம். விலை உயர்ந்த பொருள் எதுவும் என் முதல் பத்து வரிகளில் வரவில்லை. காலையில் யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம் வந்தது. அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட நாற்காலி வந்தது. நான் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிய வேண்டும் என்ற ஆசை மூன்று முறை வந்தது. நான்காவது வரியில் அப்பாவின் கைக்கடிகாரம். அது ஓடாமல் இழுப்பறையில் கிடந்தது. நான் அதைக் கட்டியதே இல்லை. ஆனாலும் அது போவதாக நினைத்தால் தொண்டை அடைத்தது.

இந்த இரண்டு வாரமும் எழுதுவது மட்டும்தான் வேலை. 'இதை ஆசைப்படக் கூடாது' என்று மனதோடு சண்டைக்குப் போகாதீர்கள். டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். அவர்களால் முடியவில்லை. அதைவிட முக்கியமானது, பின்னால் நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அமுக்கி வைத்த ஆசையும் இப்படித்தான் திரும்பி வருகிறது. அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் அமைதியாகும்.

அடுத்த ஒரு மாதம்: மாறுவதைப் பார்ப்பது

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். 'எல்லாம் மாறும்' என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் ஒரு பாத்திரம் உடைந்தால் அதிர்ந்துபோகிறோம். அந்தத் தகவல் தலையில் மட்டும் இருப்பதால் வரும் வினை இது. கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

தினமும் ஐந்து நிமிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஒரு மணியையோ உலோகக் கிண்ணத்தையோ தட்டிவிட்டு, ஒலி எந்த இடத்தில் முடிகிறது என்று கேளுங்கள். முடிந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லவே முடியாது. சுவரில் விழும் வெயிலின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலில் அரித்தால் உடனே சொறியாமல் கவனியுங்கள். அரிப்பு கூடும், தாங்கவே முடியாது என்று தோன்றும், பிறகு தானாகத் தணியும். என் அனுபவத்தில் இந்த அரிப்புப் பயிற்சிதான் மிக உபயோகமானது. ஒரு ஆசையும் இதே போல ஏறி இறங்கக் கூடியது, அதற்காக எழுந்து ஓடத் தேவையில்லை என்பதை உடம்பு இதில்தான் கற்றுக்கொள்கிறது.

உடம்பை ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்குள் ஓடும் சிவப்பணு ஒவ்வொன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் புதிதாகிவிடுகிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அது சரியல்ல. மூளையின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் நம்மோடு வருபவை. ஆனால் அவற்றின் இணைப்புகளும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 'என்' என்ற சொல்லை நாம் மிக உறுதியாகச் சொல்லும் இடமே இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது.

வானத்தையும் ஒரு இரவு பாருங்கள். அசையாததற்கு அடையாளமாகத் துருவ நட்சத்திரத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறோம். 'துருவம்' என்ற சொல்லுக்கே நிலையானது என்று பொருள். பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலையைப் போல, ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லச் சுற்றி வருகிறது. அதனால் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் துருவத்துக்கு அருகில் இருந்தது துபான் என்ற வேறொரு நட்சத்திரம். இன்னும் சுமார் 12,000 ஆண்டுகளில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் அபிஜித் நட்சத்திரம் வந்திருக்கும். எனக்கு இதைப் படித்தபோது பயம் வரவில்லை, ஒரு விதமான ஆறுதல் வந்தது. துருவமே நகரும்போது என் நாற்காலி நகர்ந்ததற்காக நான் இரண்டு நாள் முகம் வாடியிருக்க வேண்டியதில்லை.

மாதத்தின் கடைசி வாரம் ஒரு நீண்ட பயிற்சி. நோட்டில் புதிய பக்கத்தில், பத்து வருடத்துக்கு முன் எதெல்லாம் இல்லாமல் வாழ முடியாது என்று நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். யாருடைய பாராட்டுக்கு ஏங்கினீர்கள், எந்தச் சண்டையில் தூக்கம் போனது, எதை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டீர்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும், இன்று அது எங்கே இருக்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள். பல வரிகளுக்கு எதிரே 'நினைவில்லை' என்றுதான் எழுதுவீர்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் மூவரும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கடந்த பத்து வருடத்தில் தாங்கள் நிறைய மாறியிருப்பதாக எல்லா வயதினரும் சொன்னார்கள். வரும் பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டால், கொஞ்சம்தான் என்றார்கள். இளைஞர்கள் மட்டும் இல்லை, வயதானவர்களும் அப்படித்தான். இப்போதைய 'நான்'தான் முடிந்த வடிவம், இனி இதுதான் நான் என்று ஒவ்வொரு வயதிலும் நமக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு எதை இறுகப் பிடித்திருக்கிறோமோ அதை என்றைக்கும் வேண்டுவோம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. பத்து வருடப் பட்டியல் அந்த எண்ணத்தை ஆட்டிப் பார்க்கும்.

பொருள்களிலிருந்து தொடங்குங்கள்

இனிமேல்தான் விடும் பயிற்சி. பொருள்தான் எளிது, அதனால் முதலில் பொருள்.

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு அடிப்படை. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபி கோப்பை கொடுத்தார்கள். அதை விற்க என்ன விலை கேட்பீர்கள் என்று அவர்களிடமும், வாங்க என்ன விலை தருவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். கோப்பை கைக்கு வந்து அதிக நேரம் ஆகவில்லை. ஆனாலும் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் தர நினைத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்முடையது ஆனவுடனேயே ஒரு பொருள் கனமாகிவிடுகிறது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். 'இதைக் கொடுத்துவிடலாமா?' என்று கேட்டால் மனம் இல்லை என்றே சொல்லும். 'இது என்னிடம் இல்லாமல் இருந்தால், இன்று கிளம்பிப் போய் வாங்கி வருவேனா?' என்று கேளுங்கள். மாட்டேன் என்று பதில் வரும் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டாம். மூன்று மாதத்தில் எதையாவது தேடிப் போய் எடுத்தால் அது உங்களுக்குத் தேவையானது, வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆவணங்கள், மருந்துச் சீட்டுகள், பத்திரங்கள் இந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பொருளையும் தொடக் கூடாது. உங்கள் பயிற்சிக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நினைவுப் பொருள்கள் வேறு வகை. ஒருவரோ ஒரு காலமோ அதில் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுப்பது பலருக்கு உதவுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்த இடத்தில் 613 பொருள்கள் வந்தன. அந்த யோசனை சொல்லாத இடத்தில் 533. ஆனால் ஒன்று: படங்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்துவிட்டுப் பிறகு அவற்றை இழந்துவிடுவோமோ என்று பயப்படுவது இன்னொரு பற்று. எனக்கு ஒருமுறை ஒன்பது வருடப் படங்கள் இருந்த வன்தட்டு ஒரே நாளில் செத்துப்போனது. ஒரு வாரம் துக்கமாக இருந்தது. பிறகு கவனித்தேன், அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. இப்போது வருடத்துக்கு முப்பது படம் அச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

வேண்டாததைக் கொடுப்பது வீட்டைச் சுத்தம் செய்வது. பற்றுப் பயிற்சி, பிடித்ததைக் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த, இன்னும் பயன்படுத்தும் ஒரு சிறிய பொருளை ஒருவருக்குக் கொடுங்கள், அல்லது இரவலாகக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காமல் இருங்கள். அன்று இரவு நோட்டில், எந்த நேரத்தில் உறுத்தியது, எத்தனை நாளில் நின்றது என்று எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால், உறுத்தல் எத்தனை நாள் ஆயுள் கொண்டது என்று உங்கள் சொந்தக் கணக்கு கிடைக்கும். எனக்கு அது ஐந்து நாள்.

கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. ரோமில் அடிமையாக இருந்து பின்னால் ஆசிரியரான எபிக்டெட்டஸ், ஒரு ஜாடி பிடித்திருந்தால் 'எனக்குப் பிடித்திருப்பது ஒரு ஜாடி' என்று உனக்கே சொல்லிக்கொள், அப்போது அது உடைந்தால் கலங்க மாட்டாய் என்று கற்பித்தார். புது செல்போன் வாங்கிய அன்றே இதைச் செய்து பாருங்கள். 'இது ஒரு கருவி, இது ஒருநாள் கீழே விழும்' என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் பயன்படுத்துங்கள். எபிக்டெட்டஸ் அடுத்த வரியிலேயே மனைவி, பிள்ளை என்று தாவிவிடுவார். தொடங்குபவர்கள் அங்கே அவரோடு தாவ வேண்டாம். ஜாடியிலேயே ஆறு மாதம் இருக்கலாம்.

திட்டங்களும் எதிர்பார்ப்புகளும்

ஒரு காரியத்தைத் தொடங்கும்போது நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். 'என் கையில் உள்ளது', 'என் கையில் இல்லாதது'. நேர்காணலுக்குத் தயாராவது முதல் வரி, அவர்கள் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. முதல் வரியில் இருப்பதை முழுசாகச் செய்யுங்கள். பற்றில்லாமல் இருப்பது என்றால் அரைகுறையாகச் செய்வது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சோம்பலுக்கு நல்ல பெயர் வைப்பது. முடிவு வந்ததும் பக்கத்தில் எழுதி, முதல் வரியை மட்டும் வைத்து உங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னத் தாமதங்கள் நல்ல பயிற்சிக் களம். வண்டி வரவில்லை, வரிசை நகரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. 'இப்படி ஆகியிருக்கக் கூடாது' என்று மனம் சொல்லும்போது, 'ஆகிவிட்டது. சரி, அடுத்து என்ன?' என்று கேளுங்கள்.

பெயரும் கருத்தும்

பொருளை விட்டவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் இடம் இது. நான் எளிமையானவன் என்ற பெயரையே ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு வாக்குவாதத்தில் கடைசிச் சொல்லை அடுத்தவரிடம் விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒரு நல்ல காரியத்தை யாருக்குமே தெரியாமல் செய்யுங்கள், நோட்டில்கூட எழுதாதீர்கள். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது வேலையையும் பதவியையும் சொல்லாமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். முதல் முறை நாக்கு தேடும். பதவி என்றாவது ஒருநாள் போகும்; அன்றைக்கு யாராக இருப்போம் என்பதற்கு இது ஒத்திகை.

மனிதர்கள்: கடைசியாக, மெதுவாக

ஓராண்டு கழித்து இங்கே வந்தாலும் போதும். மனிதர்களை 'விடுவது' என்று எதுவும் இங்கே இல்லை. அவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் பழைய படத்தைத்தான் விட வேண்டும்.

கூடவே வாழ்பவர்களைப் பற்றி 'அவன் எப்பவுமே இப்படித்தான்' என்று முடிவு கட்டி வைத்திருப்போம். அவர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். வாரம் ஒருமுறை, வீட்டில் ஒருவரிடம் பதில் உங்களுக்குத் தெரியாத ஒரு கேள்வி கேளுங்கள். இப்போது எதை நினைத்துப் பயப்படுகிறாய், சமீபத்தில் எதைப் பற்றி மனம் மாறினாய். என் மனைவியிடம் முதல் முறை இப்படிக் கேட்டபோது, பதினாறு வருடம் நான் நினைத்திருந்ததற்கு நேர் எதிரான பதில் வந்தது.

இன்னொன்று வாசலில். யாராவது வெளியே கிளம்பும்போது செல்போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்து வழியனுப்புங்கள். இது கடைசியாக இருக்கலாம் என்று பயமுறுத்திக்கொள்ள வேண்டாம். இந்த வயதில், இந்த முகத்தோடு, இந்த ஒரு காலை இவ்வளவுதான் என்று தெரிந்து பார்த்தால் போதும். நிலையாமையைப் பழகுவதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் இதுதான்: சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவது குறைந்தது. மன்னிப்பு, நன்றி, 'நீ நன்றாகச் செய்தாய்' என்ற ஒரு வார்த்தை, எல்லாமே அன்றன்றே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இந்த நேரங்களில் நோட்டை மூடி வையுங்கள்

ஒருவரை இழந்த துக்கத்தில் இருக்கும்போது இந்தப் பயிற்சிகள் வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் எழுதிய விளக்கம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறி ஊசலாடுவார். அந்த ஊசலாட்டம்தான் இயல்பு என்கிறார்கள். காலையில் அழுதுவிட்டு மதியம் மின்கட்டணம் கட்டுவதும், சிரித்த பத்தாவது நிமிடம் உடைந்துபோவதும் தவறே இல்லை. அழுகை வந்தால் பற்று இன்னும் போகவில்லை என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள். துக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் 'எல்லாம் நிலையற்றது' என்று சொல்லவும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

அடி, அவமானம், ஏமாற்று நடக்கும் இடத்தில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று இருந்துவிடவும் கூடாது. நடப்பதை நடக்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு, நடக்கட்டும் என்று சம்மதிப்பது வேறு. ஒப்புக்கொண்டால்தான் வெளியேறவோ உதவி கேட்கவோ முடியும்.

மூன்றாவது ஒன்றையும் கவனிக்க வேண்டும். எதிலும் ஆசை இல்லை, எதுவும் ருசிக்கவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, இருந்தால் என்ன போனால் என்ன என்று தோன்றுகிறது என்றால் அது பற்றின்மை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். பிடி தளர்ந்தவருக்கு உலகம் இன்னும் தெளிவாகவும் பிரியமாகவும் தெரியும். மனச்சோர்வில் எல்லாம் மங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி அவரோடு கிளம்புங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு காலம். என் பட்டியலில் நாற்காலி ஒரே வாரத்தில் போய்விட்டது. காலை அரை மணி நேரம் இன்னும் இருக்கிறது, அதை விட இப்போதைக்கு உத்தேசமும் இல்லை. 'நான் சொன்னதுதான் சரி' என்பது போகிறது, வருகிறது. விட்டது திரும்ப வந்தால் பட்டியலில் புதிய தேதி போட்டு மறுபடியும் எழுதுங்கள். பழைய வரியை அடிக்காதீர்கள். இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்த்தால் முன்னேற்றம் தெரியும். ஒரு வாரம் எழுதாமல் விட்டுப்போனால், விட்ட நாட்களைச் சேர்த்து எழுத வேண்டாம், அன்றைய தேதியிலிருந்து தொடருங்கள்.

அப்பாவின் கடிகாரம் ஏழு வருடம் நான்காவது வரியிலேயே இருந்தது. போன மாதம் பழுது பார்த்து என் தங்கை மகனிடம் கொடுத்தேன். தினமும் கட்டிக்கொண்டு போகிறான். நேற்று வந்து, விளையாடும்போது கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது மாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். வயிறு சுருங்கியது. கையை வாங்கிப் பார்த்தேன், கீறல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. இரவு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். இன்று இரண்டாவது நாள்.